ரோமிங் கட்டணம் குறைய இரண்டு அரசுகள் வேண்டும்

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய சென்னைப் பயணி ஒருவர் தன் இந்திய எண்ணிலிருந்து வீட்டுக்கு அழைத்து, வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்கிறார். அருகில் நிற்கும் கொழும்புவாசி ஒருவரும் அதே நேரத்தில் சென்னையில் இருக்கும் உறவினரிடம் பேசுகிறார். இருவர் குரலையும் வாங்கிக்கொள்வது ஒரே கோபுரமாக இருக்கலாம். ஆனால் ரோமிங் பேக், அதாவது வெளிநாட்டிலும் சொந்த சிம்மையே பயன்படுத்த முன்கூட்டி வாங்கும் திட்டம், எதுவும் போடாமல் வந்த சென்னைப் பயணிக்கு நிமிடக் கட்டணம் பல மடங்கு கூடுதலாக விழுகிறது. இதற்குத் தொழில்நுட்பச் செலவுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் பங்கு மிகச் சிறியது. கட்டணத்தின் பெரும்பகுதி, இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கு நடுவே எந்த அரசின் கையும் எட்டாத ஓர் இடைவெளியிலிருந்து பிறக்கிறது. அந்த இடைவெளியை அடைத்த நாடுகளில் கட்டணம் சரிந்தது. அடைக்காத இடங்களில் பேக் விலைகள்தான் மாறிக்கொண்டிருக்கின்றன.

வெளிநாட்டில் போனை இயக்கியவுடன் அது பக்கத்திலிருக்கும் நெட்வொர்க்கிடம் தன் சிம்மின் அடையாள எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லிவிடும்: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. வந்திருப்பவர் வெளிநாட்டுக்காரர் என்று அறிந்த உள்ளூர் நிறுவனம், அவருடைய சொந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா, இவரை அனுமதிக்கலாமா என்று கேட்கிறது. ஆம் என்று பதில் வந்ததும் தற்காலிகப் பதிவேட்டில் அவரைச் சேர்த்துக்கொள்கிறது. இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதன்பின் அவர் பேசும் ஒவ்வொரு நிமிடமும், அனுப்பும் ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸும், பயன்படுத்தும் டேட்டாவும் கோப்பாகப் பதிவாகி, கணக்குத் தீர்க்கும் இடைநிலை நிறுவனங்கள் வழியாகச் சொந்த நிறுவனத்துக்குப் போகின்றன. இரு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி வைத்திருக்கும் மொத்த விலையில் பணம் கைமாறுகிறது. அதன்மேல் தன் லாபத்தைச் சேர்த்துச் சொந்த நிறுவனம் பயணியிடம் வசூலிப்பது சில்லறை விலை. மொத்த விலை, சில்லறை விலை என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் ரோமிங் விவகாரத்தில் எதுவும் புரியாது.

வரும் அழைப்புக்கும் ஏன் பணம் என்ற கேள்விக்கும் விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது. கொழும்பில் இருப்பவரை மதுரையிலிருந்து நண்பர் அழைத்தால், அழைப்பு முதலில் இந்திய நிறுவனத்துக்கே போகிறது. அங்கிருந்துதான் கடல் தாண்டிக் கொழும்புக்குத் திருப்பிவிடப்படுகிறது. நண்பர் உள்நாட்டு அழைப்புக்கான காசை மட்டும் கொடுக்கிறார். மீதித் தூரத்துக்கான செலவு பயணியின் தலையில் விழுகிறது. டேட்டாவும் பெரும்பாலும் இப்படித்தான் சொந்த நாடு வரை போய்த் திரும்புகிறது. வெளிநாட்டு விடுதியில் இருந்தாலும் சில இணையதளங்கள் உங்களை இந்தியாவில் இருப்பவராகவே எண்ணுவது இதனால்தான். இந்தச் சுற்றுக்கு ஒரு செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டணப் பட்டியலில் நாம் பார்க்கும் தொகைக்கும் அந்தச் செலவுக்கும் தொடர்பே இல்லாமல் போனது எப்படி?

ஒரு பொருளின் விலை இறங்க வேண்டுமானால், விலையைப் பார்த்துக் கடை மாறும் வாடிக்கையாளர் வேண்டும். ரோமிங்கில் அப்படி ஒருவர் இல்லை. சிம் வாங்கும்போது மாத ரீசார்ஜ் எவ்வளவு, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா என்று பார்க்கிறோம். எப்போதோ ஒருமுறை போகும் நாட்டில் நிமிடத்துக்கு என்ன விலை என்று பார்த்து சிம் வாங்குவோர் மிகச் சிலர். போன இடத்தில் எந்த நெட்வொர்க்கில் இணைவது என்பதையும் பெரும்பாலும் நம் நிறுவனம் முன்கூட்டியே சிம்மில் தீர்மானித்துவிடுகிறது. எனவே உள்ளூர் நிறுவனம் மொத்த விலையைக் குறைத்தாலும் பயணி அதை அறியப்போவதில்லை. கூட்டினாலும் அவர் ஓடிப்போகப் போவதில்லை.

சரி, அரசு தலையிடட்டும் என்றால் அங்கேதான் முடிச்சு விழுகிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இலங்கை நிறுவனங்கள் வாங்கும் மொத்த விலையில் கைவைக்க முடியாது. தன் நாட்டு நிறுவனங்கள் வாங்கும் மொத்த விலையைக் குறைக்கலாம். அதன் பலன் இங்கே வரும் வெளிநாட்டவருக்குத்தான் போகும், வெளியே போகும் இந்தியருக்கு ஒரு பைசாவும் மிச்சமாகாது. சில்லறை விலைக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தால், மொத்த விலை மேலேயே நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட நிறுவனம் ரோமிங் சேவையையே சுருக்கிக்கொள்ளும். இலங்கையின் ஆணையமும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஒருவர் மட்டும் முதலில் இறங்கினால் நஷ்டம், இருவரும் சேர்ந்து இறங்கினால் இரு நாட்டு மக்களுக்கும் லாபம்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நிறுவனங்களுக்கு உரிமம் தருவதற்காக இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஒவ்வொரு வட்டமும் ரோமிங்கைப் பொறுத்தவரை ஒரு தனி நாடுபோலவே இருந்தது. சென்னை ஒரு வட்டம், மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டம் என்ற காலமும் இருந்தது. பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனவர்கள், வந்த அழைப்பை எடுக்காமல் துண்டித்துவிட்டு ஒரு ரூபாய் பூத்திலிருந்து திருப்பி அழைத்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லையோர ஊர்களில் இருந்தவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்து மாநில சிக்னல் பிடித்து ரோமிங் கணக்கு ஓடியது. டிராய் 2007இல் ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1.75 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 2013இல் அது 75 பைசாவாகவும், 2015 மே மாதம் 45 பைசாவாகவும் இறங்கியது. 2012ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, நாடு முழுவதும் ரோமிங் கட்டணமே இருக்கக் கூடாது என்பதை இலக்காக அறிவித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ அந்தக் கட்டணம் இல்லாமலே சந்தைக்கு வந்ததும், மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து அதைக் கைவிட்டன.

இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். வட்டத்தின் இரு பக்கத்திலும் ஒரே ஆணையத்தின் உத்தரவு செல்லுபடியானது. பெரிய நிறுவனங்கள் எல்லா வட்டங்களிலும் தங்கள் சொந்த நெட்வொர்க்கை விரித்திருந்ததால், மொத்த விலை என்பது ஒரே பெட்டிக்குள் பணத்தை மாற்றி வைப்பதாக ஆகிவிட்டது. இடைவெளி மறைந்தது, கட்டணமும் மறைந்தது. தனித்தனி நாடுகளுக்கிடையே இதைச் சாதிக்க முடியுமா என்பதற்கு விடை தந்தது ஐரோப்பா.

ஐரோப்பா எடுத்துக்கொண்ட பத்து ஆண்டுகள்

ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த எடுப்பில் சட்டம் போடவில்லை. ரோமிங் சந்தையைப் பற்றிய விசாரணையை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1999இல் தொடங்கியது. 2001 ஜூலையில் பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களின் அலுவலகங்களில் சோதனைகள் நடந்தன. 2004இலும் 2005இலும் சில பெரிய நிறுவனங்கள்மீது, சந்தையில் தங்களுக்கு இருந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தி மிகையான மொத்த விலை வாங்கியதாகக் குற்றச்சாட்டு அறிக்கைகள் போயின. ஆண்டுகள் ஓடினவே தவிர, பயணியின் பில் குறையவில்லை. ஒரு நிறுவனத்தின் நடத்தையைத் திருத்தும் போட்டிச் சட்டத்தால், சந்தையின் அமைப்பிலேயே இருந்த கோளாறைச் சரிசெய்ய முடியவில்லை.

அப்போது தகவல் சமூகத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஆணையர் விவியன் ரெடிங், நேரடியாக விலைக்கே உச்சவரம்பு வைக்கும் சட்டத்தை முன்வைத்தார். 2007 ஜூன் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. செல்லும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 யூரோ சென்ட், வரும் அழைப்புக்கு 24 சென்ட் என்று சில்லறை உச்சவரம்பு. நிறுவனங்களுக்கிடையே சராசரியாக 30 சென்ட் என்று மொத்த உச்சவரம்பு. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடித்ததுதான் இந்தச் சட்டத்தின் உயிர். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. மொத்த விலையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாதா, சில்லறை விலையில் ஒன்றியம் எதற்கு நுழைய வேண்டும் என்று கேட்டன. மொத்த விலை குறைந்தால் அது பயணியைச் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை ஏற்று, 2010 ஜூன் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமான நாள் இதுதான். விலை குறைப்பு என்பது எல்லைகளற்ற பொதுச் சந்தைக்குத் தேவையான ஒரு நடவடிக்கை என்று அன்று சட்டபூர்வமாக நிலைநாட்டப்பட்டது.

அதன்பின் இறக்கம் படிப்படியாக நடந்தது. செல்லும் அழைப்பு 2009இல் 43 சென்ட், 2011இல் 35, 2012இல் 29, 2014இல் 19. டேட்டாவுக்கு 2012இல் ஒரு எம்.பி.க்கு 70 சென்ட் என்று முதல் சில்லறை உச்சவரம்பு வந்து, 2014இல் 20 சென்ட் ஆனது. விடுமுறையில் போய் வந்தவருக்கு ஆயிரக்கணக்கான யூரோ பில் வந்து அதிர்ச்சியடையச் செய்த செய்திகள் பெருகியபோது, 2010 ஜூலை முதல் இன்னொரு விதி வந்தது: வேறு வரம்பை வாடிக்கையாளர் தாமே கேட்டிருந்தாலொழிய, டேட்டா செலவு 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பு நிறுத்தப்பட வேண்டும். கடைசியில் 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த நாட்டுக் கட்டணம்தான் என்ற நிலை பிறந்தது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளும் இந்த ஏற்பாட்டில் உண்டு.

கடைசிப் படிதான் மிகக் கடினமாக இருந்தது. சில்லறை ரோமிங் கட்டணம் பூஜ்யம் என்றால், மொத்த விலையை எங்கே வைப்பது? கோடைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் தெற்கு நாடுகள், அந்தச் சில மாதக் கூட்டத்துக்காகவே நெட்வொர்க்கைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது, செலவு திரும்ப வர வேண்டும் என்றன. மாதம் ஒரு தொகைக்கு அளவில்லா டேட்டா தரும் பின்லாந்து போன்ற வடக்கு நாடுகளோ, எங்கள் மக்கள் ஸ்பெயினில் உட்கார்ந்து பார்க்கும் காணொளிகளுக்கெல்லாம் உயர்ந்த மொத்த விலை கொடுத்தால் எங்கள் உள்நாட்டுக் கட்டணத்தை ஏற்ற வேண்டியிருக்கும் என்றன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு ஜி.பி.க்கு 7.70 யூரோவில் தொடங்கி ஆண்டுதோறும் இறங்கும் உச்சவரம்பு என்று சமரசம் ஏற்பட்டது. அப்படியும் நஷ்டம் என்று கணக்கோடு நிரூபித்த சில நிறுவனங்களுக்கு, பின்லாந்தின் பெரிய நிறுவனங்கள் உட்பட, சிறிய கூடுதல் கட்டணம் வாங்க அந்தந்த நாட்டு ஆணையங்கள் அனுமதி தந்தன.

இன்னொரு சிக்கல், மலிவான நாட்டில் சிம் வாங்கி விலை கூடிய நாட்டில் நிரந்தரமாகப் பயன்படுத்துவோர். இதைத் தடுக்க ஆண்டுக்கு 90 நாட்கள் என்று வரம்பு வைக்க 2016 செப்டம்பரில் ஒரு வரைவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இப்போதைய விதிப்படி, நான்கு மாதக் காலத்தில் ஒருவர் உள்நாட்டைவிட வெளிநாட்டில் அதிகம் தங்கி, அங்கேயே அதிகம் பயன்படுத்தினால் நிறுவனம் விளக்கம் கேட்கலாம். அளவில்லா டேட்டா திட்டங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: திட்டத்தின் விலையை, ஒரு ஜி.பி.க்கான அந்த ஆண்டின் மொத்த விலை உச்சவரம்பால் வகுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான், குறைந்தபட்சம் தர வேண்டிய ரோமிங் டேட்டா. வரி நீங்கலாக 20 யூரோ கட்டுபவருக்கு 2017இல் சுமார் 5 ஜி.பி. கிடைத்திருக்கும். 2025இல் மொத்த உச்சவரம்பு 1.30 யூரோ என்பதால், அதே 20 யூரோவுக்குக் கிட்டத்தட்ட 31 ஜி.பி. மொத்த விலை இறங்குவது பயணியின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2022இல் சட்டம் 2032 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டது. மொத்த உச்சவரம்பு 2027இல் ஒரு ஜி.பி.க்கு 1 யூரோவாக இறங்க வேண்டும்.

இதில் ஒரு விந்தை நடந்தது. ரோமிங் கட்டணம் போன பிறகும், பெர்லினில் இருந்துகொண்டே பாரிஸுக்குப் பேசுவது விலை கூடியதாக இருந்தது; அது ரோமிங் இல்லை, சர்வதேச அழைப்பு என்பதால் உச்சவரம்புக்குள் வரவில்லை. 2019 மே 15 அன்றுதான் அதற்கு நிமிடத்துக்கு 19 சென்ட் என்று வரம்பு வந்தது.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

இந்த ஏற்பாட்டின் மதிப்பு அதிலிருந்து வெளியேறியவர்களைப் பார்த்தால் தெரியும். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியபோது, கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரும் திட்டம் இல்லை என்றே அங்குள்ள பெரிய நிறுவனங்கள் கூறின. 2022க்குள் அவற்றில் மூன்று, ஐரோப்பா போகும் புதிய வாடிக்கையாளர்களிடம் நாளொன்றுக்குச் சுமார் 2 பவுண்ட் வாங்கத் தொடங்கிவிட்டன. விலகலுக்குப் பின் ஒன்றியத்துடன் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் ரோமிங் பற்றி இருப்பது ஒத்துழைப்புக்கு முயல்வோம் என்ற அளவிலான வாசகம் மட்டுமே. உச்சவரம்பு எதுவும் இல்லை. சந்தை தானாகவே விலையைக் குறைத்திருந்தது என்ற வாதத்துக்கு இதைவிடக் கறாரான மறுப்பு கிடையாது. வட அயர்லாந்தின் எல்லையோரத்தில் இருப்பவர்களின் போன் தானாகவே அயர்லாந்துக் குடியரசின் நெட்வொர்க்கைப் பிடித்துவிடும் என்பதால், அந்த நிறுவனங்களில் சில அயர்லாந்துக்கு மட்டும் விலக்கு அளித்தன.

சுவிட்சர்லாந்து எப்போதும் வெளியேதான் இருக்கிறது. இது ஈழத்தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். சூரிச்சிலும் பெர்னிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பாரிஸிலும் ஜெர்மனியிலும் உறவுகள் நிறைந்திருக்கின்றன. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் எல்லை தாண்டிப் போவது அவர்களுக்கு ஆண்டு முழுவதும் நடப்பது. பாரிஸ் தமிழர் ஜெர்மனிக்குப் போனால் சொந்தக் கட்டணம். சுவிஸ் எல்லை நகரான பாசலின் தமிழர் எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போனால் அவருடைய திட்டத்தில் ரோமிங் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றியத்தில் சேராமலேயே இடைவெளியை அடைத்தவர்களும் உண்டு. செர்பியா, அல்பேனியா உள்ளிட்ட மேற்கு பால்கனின் ஆறு பகுதிகள், பகைமைகளையெல்லாம் தாண்டி, 2021 ஜூலை 1 முதல் தங்களுக்குள் ரோமிங் கட்டணத்தை நீக்கின. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகள் 2016இலிருந்து உச்சவரம்புகளை அமல்படுத்தின. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011 மே முதல் இரண்டு கட்டங்களாகக் குரல் கட்டணத்தை 30 சதவீதம் வரையும், எஸ்.எம்.எஸ். கட்டணத்தை 50 சதவீதம் வரையும் குறைக்க உடன்பட்டன. ஜொகூர் பாலத்தைத் தினமும் கடக்கும் தொழிலாளர்களை நினைத்துச் செய்த வேலை அது. கிழக்கு ஆப்பிரிக்கா இன்னும் வியப்பானது. செல்டெல் என்ற நிறுவனம் 2006இலேயே, ஐரோப்பியச் சட்டத்துக்கும் முன்னால், கென்யா, உகாண்டா, தான்சானியாவில் தன் வாடிக்கையாளர்களுக்கு எல்லையில்லா நெட்வொர்க்கைக் கொடுத்தது. மூன்று நாட்டிலும் சொந்த நெட்வொர்க் இருந்ததால் முடிந்தது. 2014இன் இறுதியிலிருந்து கென்யா, உகாண்டா, ருவாண்டா, தெற்கு சூடான் அரசுகள் அதையே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்கத் தொடங்கின. வெளிநாட்டு அழைப்புகள்மீது அரசுகளே விதித்திருந்த கூடுதல் கட்டணத்தைத் தங்களுக்குள் விலக்கிக்கொண்டதுதான் அங்கே திறவுகோல். நிறுவனங்களைக் குறைசொல்லும் அரசு, தன் வரியையும் பார்க்க வேண்டும்.

இத்தனை எதற்கு, அட்டை இல்லாமல் போனிலேயே பதிவாகும் வெளிநாட்டு இ-சிம் ஒன்றை வாங்கிப் போட்டால் போகிறது, வாட்ஸ்அப்பில் பேசினால் முடிந்தது என்று சொல்வோர் உண்டு. டேட்டாவுக்கு அது நல்ல வழிதான். ஆனால் போன் எண் இப்போது பேசுவதற்கு மட்டும் உள்ளதல்ல. வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அதற்காகச் சொந்த சிம்மையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். இ-சிம் வசதியில்லாத போன் வைத்திருப்பவர்கள், ஆங்கிலத்தில் வரும் அமைப்புகளைப் படித்து மாற்றத் தெரியாத பெரியவர்கள், வளைகுடாவுக்கு முதல்முறை வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆகியோர்தான் பேக் போடாமல் இறங்கி அடிப்படைக் கட்டணத்தில் மாட்டுகிறார்கள். விவரம் அறிந்தவருக்கு மலிவாகவும் அறியாதவருக்கு மிக விலையாகவும் இருக்கும் ஒரு சேவையை, தீர்ந்துவிட்ட பிரச்சினை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தெற்காசியாவில் இதற்கான தேவை கண்முன் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்பவரின் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிப்பது ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் அறிந்ததே. எல்லை தாண்டாமலேயே ரோமிங் பதிவாகும் இந்த நிலைக்குத் தனி விதி வேண்டும். பிரிட்டனின் ஆணையம் 2024 அக்டோபர் முதல், ரோமிங் தொடங்கியதும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், தவறுதலாகப் பக்கத்து நாட்டு நெட்வொர்க்கில் இணைவதைத் தவிர்க்கும் வழியையும் சொல்ல வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. டிராயும் 2020இல் சர்வதேச ரோமிங் பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டு, எதிர்பாராத பெரிய பில்களிலிருந்து வாடிக்கையாளரைக் காக்கும் வழிகளைப் பேசியது. இவற்றுக்கு அடுத்த நாட்டின் சம்மதம் தேவையில்லை. ஓர் ஆணையம் தானே செய்யலாம்.

விலைக்குத்தான் இருவர் வேண்டும். இரண்டு நாடுகள் தங்களுக்குள் சலுகை விலை வைத்துக்கொண்டால், உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி மற்ற நாடுகளும் அதைக் கேட்கலாமே என்ற சட்டக் கேள்வி உண்டு. அதற்கும் வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தில் தொலைத்தொடர்பு அத்தியாயத்திலேயே ரோமிங்குக்கு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஐரோப்பாவை விட்டு வெளியேறிய அதே பிரிட்டன், 2021இல் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனுடன் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் ரோமிங் மொத்த விலைக்கு உச்சவரம்பு வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 2000ஆம் ஆண்டிலிருந்து தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அதைச் சேவைத் துறைகளுக்கு விரிவாக்கும் பேச்சும் பல சுற்றுகள் நடந்திருக்கிறது. அந்த மேசையில் ரோமிங் மொத்த விலையை ஓர் அம்சமாக வைக்க வேண்டும். முதல் கட்டமாக வரும் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் உச்சவரம்பு வைத்தாலே, இரு கரையிலும் உறவுகளை வைத்திருப்பவர்கள் எந்த பேக்கையும் தேடாமல் போனை எடுத்துப் பேசலாம்.